குவளையில் மிதந்தது ‘ஈ.கோலை’யா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். சென்ற வாரம் நீர் வடிகட்டி விற்க வந்தவர், எங்கள் குழாய் நீரை ஒரு குவளையிலும் தம் கருவியின் நீரை மற்றொன்றிலும் ஊற்றி, இரண்டிலும் மின்கம்பிகளை விட்டார். எங்கள் நீர் பழுப்பாகிக் கசடு திரண்டது. அவருடையது தெளிவாகவே நின்றது. “இது மலத்தில் இருக்கும் ஈ.கோலைக் கிருமி” என்றார். பயந்துபோய், 2,400 ரிங்கிட் கருவிக்கு 300 ரிங்கிட் முன்பணம் கட்டிக் கையெழுத்திட்டுவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
- ஒரு வாசகி

பதில்: கிடைக்க வழி உண்டு, அம்மா, ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். வீடு தேடி வந்து விற்கும் பொருளுக்கான ஒப்பந்தத்தை, அது செய்துகொண்ட நாளுக்குப் பிந்திய 10 வேலை நாள்களுக்குள் ரத்து செய்ய, மலேசியாவின் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் வாங்குபவருக்கு உரிமை தருகிறது. ரத்துக் கடிதத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் மறுத்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

இனி அந்தக் குவளைக்கு வருவோம். நீங்கள் கண்ட பழுப்பு, நீரில் கரைந்துள்ள உப்புகளின் வழியே மின்சாரம் பாய்ந்து இரும்புக் கம்பியை அரித்ததால் வந்த துருவே. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் எளிதில் பாயாது என்பதால்தான் அவருடைய குவளை தெளிவாக நின்றது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். பழைய வித்தை இது.

ஈ.கோலையோ ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 500இல் ஒரு பங்கு நீளமே உள்ளது, கண்ணுக்குத் தெரியாது. 1885இல் தியோடர் எஷெரிக் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்து விவரித்த இந்த நுண்ணுயிரி ஏறக்குறைய நம் எல்லாருடைய குடலிலும் வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கு செய்வதில்லை, வைட்டமின் கே உருவாகவும் உதவுகின்றன. இரத்தப் பேதியை உண்டாக்கும் ஓ157 போன்ற சில வகைகளே ஆபத்தானவை. ஆயினும் குடிநீரில் எந்த வகை ஈ.கோலை இருந்தாலும் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஆகவே 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. அதை அறிய, ஆய்வகத்தில் மாதிரியை இளஞ்சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். வாசலில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது.

உங்கள் குழாய்க்கு நீர் ஆற்றிலிருந்தோ, கிணற்றிலிருந்தோ, மூடியில்லாத தொட்டியிலிருந்தோ வருகிறதென்றால் சந்தேகம் நியாயமானதே. அப்போதும் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் ஈ.கோலை செத்துவிடும், அதற்கு 2,400 ரிங்கிட் வேண்டாம், கெட்டில் போதும்.