மெத்தைக்கு அடியில் ஒரு பட்டை

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மகன் தூக்கத்தை அளக்கும் ஒரு பட்டை அனுப்பியிருக்கிறான். மெத்தைக்கு அடியில் போட்டால் போதுமாம், உடம்பில் எதுவும் ஒட்ட வேண்டாமாம். என் கணவருக்கு 68 வயது. 'ஆழ்ந்த தூக்கம் 35 நிமிடம்' என்று ஃபோனில் பார்த்ததிலிருந்து ஒரே புலம்பல். அதை நம்பலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த ஃபோனை வாங்கி வையுங்கள்.

இதயம் ரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதும் துளியூண்டு அதிரும். அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார், 1930களின் இறுதியிலேயே தொங்கும் படுக்கையில் ஆளைப் படுக்கவைத்து இதைப் பதிவுசெய்தார். உங்கள் பட்டையும் அந்த அதிர்வைத்தான் பிடிக்கிறது. கூடவே மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதையும், புரண்டு படுப்பதையும்.

ஆனால் தூக்கத்தின் கட்டங்களைப் பிரிப்பது மூளையின் அலைகளை வைத்து. அதற்காகத்தான் எங்கள் தூக்கப் பரிசோதனை லேபில் தலையில் பேஸ்ட் தடவி ஒயர் ஒட்டுகிறோம், கண்ணோரத்திலும் தாடையிலும்கூட. (காலையில் அந்தப் பிசுக்கைக் கழுவும்போது எல்லோரும் எங்களைத் திட்டுவார்கள்.) பிறகு முழு இரவையும் 30 வினாடி, 30 வினாடியாகப் பிரித்துப் பார்த்து, இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம் என்று குறிப்போம்.

பட்டைக்கு மூளை எட்டாது. மூச்சு சீராக, நாடி நிதானமாக இருந்தால் ஆழ்ந்த தூக்கம் என்கிறது. உடம்பு அசையாமல், மூச்சும் நாடியும் மட்டும் தாறுமாறாக இருந்தால் கனவு என்கிறது. கெட்டிக்கார யூகம்தான், ஆனாலும் யூகம். உங்கள் கணவர் மூன்று மணிக்கு விழித்து, மின்விசிறியைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தால், 'லேசான தூக்கம்' என்று எழுதிவிடும். நீங்களும் அதே மெத்தையில் படுத்தால் உங்கள் புரளலும் அவர் கணக்கில் சேர வாய்ப்புண்டு. தவிர, வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவது இயல்பு. 68 வயதில் 35 நிமிடம் என்றால் நான் பதறமாட்டேன்.

சரி, பட்டை வீணா? இல்லை. ராத்திரி நாடித்துடிப்பு, மூச்சு வேகம், எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறார் என்பதையெல்லாம் ஓரளவு நம்பலாம். இவை வாரக்கணக்கில் மாறிக்கொண்டே போனால் கவனியுங்கள்.

பக்கத்தில் படுக்கும் உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி: பலமாகக் குறட்டை விட்டு, சட்டென்று மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறாரா? பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கிவிழுகிறாரா? அப்படியென்றால் நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒயர் ஒட்டும் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்லட்டும்.