குடுவைச் செடிக்குப் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பூச்சி தின்னும் செடிகளுக்கும் மற்றப் பூச்செடிகளுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன? (காரைக்குடி)

பதில்: பூவிலும் மகரந்தத்திலும் விதையிலும் வேறுபாடு இல்லை. பச்சையம் இருப்பதால் மாவுச்சத்தையும் வெயிலைக் கொண்டு தாமே ஆக்கிக்கொள்கின்றன. மற்றச் செடிகள் வேரால் மண்ணிலிருந்து உறிஞ்சும் தழைச்சத்தும் மணிச்சத்தும், இவை வளரும் சத்தற்ற ஈர நிலங்களில் போதிய அளவு கிடைப்பதில்லை. ஆகவே இலையையே பொறியாக்கி, அந்தக் குறையைப் பூச்சியின் உடலிலிருந்து ஈடுசெய்கின்றன. பூச்சி அவற்றுக்கு உரமே தவிரச் சோறு அன்று. 1875-இல் டார்வின் இவற்றுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

கேள்வி: என் குடுவைச் செடியில் பூ நிறைய இருக்கிறது, விதைதான் பிடிக்கவில்லை. (பள்ளத்தூர்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் பூவே இல்லை. குடுவை என்பது பூச்சியைப் பிடிக்கும் பொறி, இலை நுனியின் மாற்றுரு. பூங்கொத்து தனியாக வரும். அப்போதும் பனையைப் போல ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால், ஒற்றைச் செடியில் விதையை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஆடுதின்னாப்பாளைப் பூவுக்குள் சிறு ஈக்கள் அடைபட்டிருந்தன. அதுவும் பூச்சி தின்னுமா? (தேவகோட்டை)

பதில்: தின்னாது. பூக்குழலின் உள்ளே சாய்ந்து நிற்கும் மயிர்கள் நுழைந்த ஈயைத் திரும்ப விடுவதில்லை. மகரந்தம் வெடித்து ஈயின் மேல் படிந்தபின் மயிர்கள் வாடிவிடும். ஈ வெளியேறி அடுத்த பூவுக்குப் போகும். செரிமான நீர் சுரந்து, கரைந்த சத்தை உறிஞ்சினால்தான் அது பூச்சியுண்ணும் தாவரம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய குடுவைச் செடி கருகுகிறது. மாட்டெரு வைத்தும் தேறவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்? (கானாடுகாத்தான்)

பதில்: எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதை எழுதவில்லை, இப்படி எழுதுகிறவர்கள் யாருமே எழுதுவதில்லை. போர்த் தண்ணீராகத்தான் இருக்கும். சத்தில்லாத மண்ணுக்கே பழகிய வேர் அது. உப்பு கரைந்த அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, தொட்டியில் உப்புப் படிந்து வேர் முதலில் சாகும், பிறகு இலையோரம் காயும், புது இலையின் நுனியில் கொடி நீண்டாலும் குடுவை திரளாமல் கருகிப்போகும். வெளிச்சம் குறைந்தாலும் காற்று வறண்டாலும் குடுவை திரளாது என்பது உண்மைதான். ஆனால் எருவையும் சேர்த்து வைத்த பிறகு அவற்றின் மேல் பழி போடுவதில் பயனில்லை. தழைச்சத்து வேர் வழியாகவே தாராளமாகக் கிடைத்தால், செடி குடுவை விடுவதையும் குறைத்துக்கொள்ளும். நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழ, அதை அண்டாவில் பிடித்துப் புழங்கிய ஊரில் இருந்துகொண்டு, ஐப்பசி மழையையெல்லாம் வடிகாலில் விட்டுவிட்டு மோட்டாரைப் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது? மழைத் தண்ணீர் ஊற்றுங்கள்; தீர்ந்தால் ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 50-க்குள் இருக்கட்டும். எருவைப் பழைய மண்ணோடு வெளியே கொட்டிவிட்டு, ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட்டும் (பொரிந்த வெள்ளைக் கல்துகள்) கலந்து மாற்றி நடுங்கள். மருந்து எதுவும் வேண்டாம்.

கேள்வி: வருகிற பூச்சியைத் தின்றுவிட்டால் மகரந்தச் சேர்க்கையை யார் செய்வது? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, குன்றக்குடி)

பதில்: நல்ல கேள்வி. வீனஸ் பூச்சிப்பொறியைப் பாருங்கள்: பொறிகள் தரையோடு படிந்திருக்க, பூ மட்டும் ஒரு சாண் உயரக் காம்பில் நிற்கும். பறந்து வரும் தேனீயும் வண்டும் பூவுக்குப் போக, ஊர்ந்து வரும் எறும்பும் சிலந்தியும் பொறிக்கு வரும்.

கேள்வி: மழைக்குப் பின் ஊருணியில் மஞ்சள் பூவோடு ஒரு செடி மிதக்கிறது, நூல் போன்ற இலைகளில் கடுகு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. (கோட்டையூர்)

பதில்: கவனித்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அது பைத்தாவரம் எனப்படும் யுட்ரிகுலேரியா. அதற்கு வேரே கிடையாது. கடுகு போன்றவை பொறிகள்: வாயில் இருக்கும் மயிரில் நீர்ப்பூச்சி பட்டதும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கதவு திறந்து தண்ணீரோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கேயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர்த் தண்ணீரில் போடாதீர்கள்.

கேள்வி: வளவில் கொசுத் தொல்லை. இந்தச் செடிகளை வைத்தால் குறையுமா? (புதுவயல்)

பதில்: குறையாது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் கூடும்.