பின்சீட்டில் இருப்பவரும் பேசலாம்

108 ஆம்புலன்ஸில் 11 ஆண்டுகள் அவசர மருத்துவ உதவியாளராக இருந்தேன். இப்போது கல்லூரிகளில் முதலுதவிப் பயிற்சி தருகிறேன். சாலைப் பாதுகாப்பு பற்றி மாணவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

விடுதியிலிருந்து கல்லூரி இரண்டு கிலோமீட்டர்தான். அதற்கும் ஹெல்மெட் வேண்டுமா? (பொறியியல் மூன்றாம் ஆண்டு, கோவை)

வேண்டும் தம்பி. தெரிந்த ரோடு என்றால்தான் நாம் அசட்டையாக இருக்கிறோம். நான் போன கேஸ்களில் பல, வீட்டுக்கோ விடுதிக்கோ பக்கத்தில் நடந்தவை.

ஹெல்மெட் வைத்திருந்தால் மட்டும் போதாது. ஓர் இரவு, பையன் கிடந்த இடத்திலிருந்து இருபதடி தள்ளி அவனுடைய ஹெல்மெட் கிடந்தது. கீறல்கூட அதிகம் இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் கடைக்காரர் ஒட்டிய பாலித்தீன் அப்படியே இருந்தது, வார் மாட்டப்படவே இல்லை. வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தொளதொளப்பு கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் தான் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. நசுங்கியது பழையபடி ஆகாது.

பின்னால் உட்காருபவருக்குமா அபராதம்? (பி.காம்., திருச்சி)

ஆமாம். ஹெல்மெட் இருவருக்கும் கட்டாயம், அபராதம் 1,000 ரூபாய். 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதிய தொகை. ட்ரிப்பிள்ஸ் போனாலும் அதே 1,000.

கூட வரும் நண்பன் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறான். என்ன செய்வது? (இயற்பியல் இரண்டாம் ஆண்டு, மதுரை)

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். விதி தெரியாத மாணவரை நான் பார்த்ததில்லை. நண்பனிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள்தான் அதிகம். கால் எலும்பு முறிந்த ஒரு பையனை ஆம்புலன்ஸில் கொண்டுபோனேன், பின்சீட்டில் வந்தவன். "மூணு தடவை சொல்லணும்னு நெனச்சேண்ணா, சொல்லல" என்று வழி முழுக்க அதையே சொன்னான்.

60-இல் போகும் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நாய் குறுக்கே வருவதைக் கண்டு பிரேக்கில் கை வைப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் 40-இலிருந்து 80 ஆனால் மோதும் விசை இரட்டிப்பாகும் என்று நினைக்கிறோம். ஆனால் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. இயற்பியல் படிக்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓடும் வண்டியில் காதுக்குப் பின்னால் கத்திப் பயனில்லை. சாவி போடும் முன்பே சொல்லுங்கள்: "50-க்கு மேல் போனால் நான் இறங்கிவிடுவேன்." மீறினால் டீ குடிக்கலாம் என்று நிறுத்தச் சொல்லி, இறங்கி, பஸ் ஏறுங்கள். இரண்டு நாள் பேசமாட்டான். பேசாமல் இருக்கட்டுமே.

ஒரு பீர்தானே, ஓட்டலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்றார்)

கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். நண்பன் குடித்திருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படியில் தொங்குவதாக எங்களையே திட்டுகிறார்கள். காலையில் வருவது ஒரே பஸ். (கலைக் கல்லூரி மாணவி, விழுப்புரம்)

உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. உள்ளே இடம் இருந்தும் தொங்குபவர்களைத் திட்டலாம். பஸ்ஸே இல்லாத தடத்தில் மாணவரை மட்டும் குறை சொல்வது சரியல்ல. எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று ஒரு வாரம் எண்ணி எழுதி, கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு பணிமனைக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். அதுவரை முதுகுப்பையோடு படியில் நிற்காதீர்கள். பஸ்ஸை ஒட்டி உரசிப்போகும் வண்டி பையைத்தான் முதலில் இழுக்கும்.

அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டிவருமா? (நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், சேலம்)

வராது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவுபவரைக் காக்கிறது. பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணமும் கட்ட வேண்டாம்.

கழுத்தைத் திருப்பாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். 108-க்குப் பேசும்போது, நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், அது எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் சென்டர் மீடியனைத் தாண்ட முடியாது. அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.