வெனிஸ் ஓவியமும் பினாங்குக் காற்றும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் ஒரு சின்ன எண்ணெய் ஓவியம் வாங்கினேன். அளவு 35க்கு 27 செ.மீ. கால்வாய், மதிலுக்கு மேல் மரங்கள், ஒரு படகு. மூலையில் ‘ரிக்கோ’ என்று கையெழுத்து. ஸ்பானிய ஓவியர் மார்ட்டின் ரிக்கோ வரைந்ததாக இருக்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். அது வரைந்ததா, அச்சடித்ததா என்பதுதான் முதல் கேள்வி. நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்குப் பூதக்கண்ணாடியை வானத்து நீலத்தின்மேல் பிடியுங்கள். நுண்புள்ளிகள் தெரிந்தால் அச்சுப்படம். அதன்மேல் துணி நெசவுபோல அழுத்தி, வார்னிஷ் அடித்து ஓவியம் என்று விற்பதுண்டு. தூரிகை மயிர் இழுத்த கீற்றும், வெளிச்சம் படும் சுவரில் வண்ணம் தடித்து நிற்கும் விளிம்பும் தெரிந்தால் மேலே போகலாம்.

அடுத்தது பின்பக்கம். துரு ஏறிய சிறு ஆணிகள், மூலைகளில் மர ஆப்புகள், வண்ணக்கடை முத்திரை, பழைய ஒட்டுச்சீட்டு எதையும் சுரண்டாமல் படம் எடுத்து வையுங்கள். பழைய துணி பழுப்பேறியிருக்கும். ஆனால் துணியை இழுத்துக் கட்டிய உட்சட்ட மரம் மறைத்த இடத்தில் நிறம் வேறுபடும். தேயிலைச் சாயத்தில் தோய்த்த புதுத்துணியில் பெரும்பாலும் எங்கும் ஒரே பழுப்புதான். ஸ்டேப்ளர் ஊசி இருந்தால் துணி புதிது, அல்லது பின்னால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். உங்கள் 35க்கு 27, பிரெஞ்சுக் கடைகளில் ‘5-ஆம் எண்’ என்று விற்கும் ஆயத்த அளவு. பொருந்துகிறது, அவ்வளவுதான்; அந்த அளவில் யாரும் வாங்கி வரையலாம்.

ரிக்கோ (1833–1908) 1862-இல் அரசு உதவித்தொகையில் பாரிசுக்குப் போனவர். 1873-இல் வெனிஸைப் பார்த்தார், பிற்காலத்தில் கோடைதோறும் அங்கே வரைந்தார், அங்கேயே இறந்தார். அந்தக் கால்வாய்க் காட்சிகளை அமெரிக்கப் பணக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். அப்படிப்பட்ட பெயருக்குப் போலிக் கையெழுத்து வராமல் இருக்குமா?

இப்போது கையெழுத்துக்கு வருவோம். வெடிப்புகள் எழுத்தையும் சேர்த்து உடைத்திருக்க வேண்டும். எழுத்தின் வண்ணம் வெடிப்புக்குள் வழிந்திருந்தால், படம் வெடித்த பிறகு எழுதியது. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மங்கல் ஒளி விடும். எழுத்து மட்டும் அதன்மேல் கருப்பாக மிதந்தால் சந்தேகம்தான். இதெல்லாம் தேறினால் மட்டும், வண்ணத்தில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனைக்குச் செலவு செய்யுங்கள். டைட்டானியம் வெள்ளை என்ற வண்ணம் ஓவியர் கைக்கு வந்தது 1920-களை ஒட்டி. பின்னால் பூசிச் சரிசெய்த இடத்தில் அது இருக்கலாம். அடிப்படை வண்ணத்திலேயே இருந்தால் ரிக்கோ வரைந்ததல்ல.

கேள்வி: பழைய ஓவியத்தில் வெள்ளைப் பொடியாகப் பூசணம். வெயிலில் காய வைக்கலாமா? உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார் மாமியார்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் வேண்டாம். கிழங்கின் ஈரமும் மாவும் வெடிப்புக்குள் இறங்கிப் பூசணத்துக்கே தீனியாகும். வெயிலோ துணியைச் சட்டென்று காயவைத்து வண்ணத்தைக் கிளப்பிவிடும். ஈரப்பதம் 50–55 சதவீதத்தில் நிற்கும் அறையில், பிளாஸ்டிக் சுற்றாமல், சில நாள் வையுங்கள். பூசணம் உலர்ந்து தூளானதும் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் ஒரே திசையில் தட்டுங்கள். வண்ணம் செதிலாகத் தூக்கியிருந்தால் தூரிகையே படக்கூடாது. பழுதுபார்ப்பவரிடம் படுக்கவைத்தே கொண்டுபோங்கள்.

கேள்வி: பழைய ஓவியம் கெடாமலிருக்க ஏர்கான் அறையில் மாட்டினால் போதுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரவில் மட்டும் ஓடும் ஏர்கான், ஒன்றும் இல்லாததைவிட மோசம். ராத்திரி 55, பகலில் 80 என்று ஈரப்பதம் ஏறி இறங்கும்போது துணிக்கும் வண்ணத்துக்கும் நடுவிலுள்ள பசைப்பூச்சு இளகி இறுகும். நூறு வருடத்து எண்ணெய் வண்ணத்துக்கு அந்த நெளிவு கிடையாது, வெடித்துவிடும். ஏர்கான் காற்று நேராகப் படாத உட்சுவரைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் 3 மி.மீ. நெளிபிளாஸ்டிக் பலகையைத் திருகாணியால் பூட்டி, சட்டத்தின் கீழ்மூலைகளில் ஒரு செ.மீ. தக்கை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போகும். சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவர் மட்டும் வேண்டாம். விளக்குப் புகையும் சாம்பிராணியும் வார்னிஷில் ஒட்டினால் துணியால் துடைத்துப் போகாது.