திமோரில் அந்த 24 வருடம்: வாசகர் கேள்வி பதில்

தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்டே 11ஆவது நாடாகச் சேர்ந்ததைப் பற்றி எழுதும்போது, ‘இந்தோனேசியா 24 வருடம் ஆக்கிரமித்து வைத்திருந்த நாடு’ என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன.

கேள்வி: உள்நாட்டுக் கலகத்தை ராணுவம் அடக்கினால் அது ஆக்கிரமிப்பா? போர் என்று வந்துவிட்டால் பொதுமக்களும் சாகத்தானே செய்வார்கள்? (தென்காசி வாசகர்)

‘உள்நாடு’ என்பதே தப்பு. திமோர்-லெஸ்டே, அன்றைய பெயரில் கிழக்குத் திமோர், போர்ச்சுகலின் காலனியாக இருந்தது, இந்தோனேசியாவின் பகுதியாக இருந்ததில்லை. 1974இல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஆட்சி கவிழ்ந்ததும் போர்ச்சுகீசியர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள், உள்ளூர்க் கட்சிகளுக்குள் சண்டை மூண்டது, கடைசியில் 1975 நவம்பர் 28 அன்று ஃபிரெட்டிலின் கட்சி சுதந்திரத்தை அறிவித்தது. டிசம்பர் 7 அன்று திமோரின் தலைநகர் டிலியில் இந்தோனேசியப் படை இறங்கிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் அவருடைய வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைப் பார்த்துப் பேசியிருந்தார்கள். இந்த விஷயத்தில் உங்களை நெருக்க மாட்டோம் என்று ஃபோர்டு சொன்னது பிற்பாடு வெளியான அமெரிக்க அரசு ஆவணத்திலேயே இருக்கிறது. 1976இல் கிழக்குத் திமோரைத் தன் 27ஆவது மாகாணம் என்று இந்தோனேசியா அறிவித்தது. ஐ.நா. கடைசிவரை அதை ஏற்கவில்லை.

சரி, ‘சாகத்தானே செய்வார்கள்’ என்பதற்கு வருகிறேன். இரண்டு படைகள் சுட்டுக்கொள்ளும்போது நடுவில் மாட்டிச் சாவது வேறு, திமோரில் மக்களையே குறிவைத்தார்கள். மலைகளுக்கு ஓடிப்போன ஜனங்கள் மீது 1977, 78இல் விமானத்திலிருந்து குண்டு போட்டு, இறங்கி வந்து சரணடைந்தவர்களை முகாம்களில் அடைத்து, வெளியே போய்ப் பயிர் செய்யவும் விடாமல் வைத்திருந்தார்கள். பஞ்சம் வானம் பொய்த்து வந்ததல்ல. 1981இல் இன்னொரு வேலை நடந்தது, அதற்கு ராணுவம் வைத்த பெயர் ‘கால் வேலி’. கிராமம் கிராமமாகப் பெரியவர்களையும் பையன்களையும் பிடித்து வந்து கைகோத்த மாதிரி வரிசையாக நிற்க வைத்து, மலைச்சரிவுகளில் நடக்கவிட்டு, பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள் வருவார்கள். ஒளிந்திருக்கும் போராளி சுட்டால் சொந்த மாமன் மச்சான்மீதுதான் படும். காட்டில் இருக்கிறவன் அகப்படவில்லையா, அவன் அம்மாவையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றி டிலிக்கு எதிரே இருக்கும் அடாவுரோ தீவில் கொண்டுபோய்ப் போடு. வறண்ட தீவு, சோற்றுக்கும் தண்ணீருக்கும் திண்டாட்டம். ராணுவ முகாம்களில் பெண்கள் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்டதும் பின்னாளில் விசாரணையில் பதிவானது.

கூட்டுத் தண்டனை, கட்டாய இடமாற்றம், மக்களைக் கேடயமாக்குவது, மூன்றையும் 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை தடுக்கிறது. இந்தோனேசியாவும் அதை ஏற்ற நாடுதான்.

கேள்வி: லட்சம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். உட்கார்ந்து எண்ணியது யார்? (கோவை வாசகர்)

நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும். எண்ணினார்கள். இந்தோனேசியா வெளியேறிய பிறகு அமைந்த உண்மை ஆணையம் கிட்டத்தட்ட 8,000 பேரிடம் வாக்குமூலம் வாங்கியது, வீடு வீடாகப் போய் உங்கள் குடும்பத்தில் யார், எப்போது, எப்படி இறந்தார்கள் என்று கேட்டது, அதற்கும் மேலே நாடு முழுக்கப் பொதுக் கல்லறைகளுக்கு ஆள் அனுப்பி, சிலுவையிலும் கல்லிலும் இருந்த பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள்! மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆணையம் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு: 1974 முதல் 1999 வரை மோதலால் இறந்தவர்கள் சுமார் 1,02,800. இதில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 18,600, மீதி பசியும் நோயும். கொலைகளில் ஒரு பங்கை ஃபிரெட்டிலின் உள்ளிட்ட திமோர்க் கட்சிக்காரர்களே செய்தார்கள் என்பதையும் ஆணையம் மறைக்கவில்லை. பெரும்பகுதி இந்தோனேசியப் படைகள் மீதும் அவர்களோடு நின்ற உள்ளூர்ப் படைகள் மீதும்தான் விழுந்தது. படையெடுப்பு நடந்தபோது அங்கே மொத்த ஜனத்தொகையே ஏழு லட்சத்துக்குள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு நடந்திருந்தால் உலகத்துக்கு ஏன் தெரியவில்லை? (மதுரை வாசகி)

தெரியவிடவில்லை அம்மா. வெளிநாட்டு நிருபர்களுக்கு வருடக்கணக்கில் கதவடைப்பு. 1991 நவம்பர் 12இல்தான் அந்த மௌனம் உடைந்தது. கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் நினைவாக டிலியில் சாந்தா குரூஸ் கல்லறைக்கு ஊர்வலம் போனவர்கள் மீது ராணுவம் சுட்டது. மாக்ஸ் ஸ்டால் என்ற பிரிட்டிஷ்காரர் கல்லறைக்குள்ளிருந்தே படம் பிடித்தார், தன்னைப் பிடிப்பதற்குள் நாடாவை ஒரு புதைகுழியில் புதைத்தார், விசாரித்து விட்டதும் இரவில் வந்து தோண்டி எடுத்தார். நாட்டைவிட்டு அதைக் கடத்திக்கொண்டு போனது ஒரு டச்சுப் பெண் நிருபர். ராணுவம் முதலில் 19 பேர் என்றது, அப்புறம் அரசு விசாரணை 50 வரை வந்தது, திமோர்க்காரர்கள் திரட்டிய பட்டியலில் 271. இது முதல் படுகொலை அல்ல. 1983இல் கிராராஸ் கிராமத்தின் ஆண்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள், அங்கே கேமரா இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: யாராவது தண்டனை அனுபவித்தார்களா? (சேலம் வாசகர்)

சாந்தா குரூஸில் சுட்டவர்களுக்கு 8 முதல் 18 மாதம். ஊர்வலம் போனவர்களில் சிலருக்கு அதைவிடப் பல மடங்கு, ஒருவருக்கு ஆயுள். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவோடு இருக்க மறுத்ததும் ராணுவத்தின் கையாட்கள் நாட்டையே கொளுத்தினார்கள், சுயாய் ஊர் மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்களை மூன்று பாதிரியார்களோடு சேர்த்துக் கொன்றார்கள். அதற்கு ஐ.நா. உதவியோடு அமைந்த நீதிமன்றம் 84 பேரைத் தண்டித்தது. கிட்டத்தட்ட எல்லாரும் சில்லறை ஆட்கள். மேலே இருந்த அதிகாரிகள் எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவில். ஜகார்த்தா தன் பங்குக்கு 18 பேரை விசாரித்து, 6 பேரைத் தண்டித்து, மேல்முறையீட்டில் ஆறு பேரையும் விட்டுவிட்டது. 1999இல் இந்தோனேசிய ராணுவத் தளபதியாக இருந்த விராந்தோ மீது 2003இல் டிலியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர் மறுத்தார், 2016இல் ஜகார்த்தாவில் மூத்த அமைச்சரும் ஆனார். திமோர்த் தலைவர்களே பழையதைக் கிளற விரும்பவில்லை என்பதும் உண்மை. பக்கத்து வீடு அது, கடைச்சரக்கு நிறைய அங்கிருந்துதான் வருகிறது. புரிகிறது, ஆனால் மகனைப் பறிகொடுத்த தாயின் சார்பில் மன்னிக்க அமைச்சர்களுக்கு உரிமை உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: இந்தியா என்ன செய்தது? (அதே சேலம் வாசகர்)

படைகளை விலக்கிக்கொள்ளச் சொல்லி 1975 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 72 நாடுகள் ஆதரவு, 10 எதிர்ப்பு. அந்தப் பத்தில் நாமும் உண்டு. சுகார்த்தோவைப் பகைத்துக்கொள்ள டெல்லிக்கு மனமில்லை, 1961இல் கோவாவிலிருந்து போர்ச்சுகலை நாமே விரட்டியிருந்ததால் அவர்கள் பக்கம் பேசவும் கூச்சம், என்பது என் ஊகம். கோவாவையும் டிலியையும் ஒன்றாக்குகிறீர்களா என்று அடுத்த கடிதம் எழுதப்போகிறவர்கள் தபால்தலையை மிச்சம் பண்ணலாம். இல்லை, ஒன்றாக்கவில்லை.