குழந்தையோடு ஜப்பான் பயணம்: 3 லட்சம் கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு வரும் ஏப்ரல் 1-இல் 2 வயது முடிகிறது. அதற்குள் போனால் அவள் டிக்கெட் செலவு மிச்சம் என்று மார்ச் 26 முதல் ஏப்ரல் 5 வரை டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஹிமேஜி என்று கோயில்களையும் கோட்டைகளையும் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். 7 நாள் இஷ்டம்போல் ரயிலேறும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸோடு சேர்த்து ஏஜென்ட் 5 லட்சம் கேட்கிறார். விமான டிக்கெட் பெரியவர் ஒருவருக்கு 55,000 ரூபாய். பயணத்துக்கென்று சேர்த்தது 2 லட்சம். அவசரத் தேவைக்கான எஃப்டி 3 லட்சம். 14% வட்டியில் 24 மாத பெர்சனல் லோன் எடுக்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பயணத்தை அடுத்த ஆண்டு ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிவையுங்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

2 வயதுக்குள் மடியில் உட்காரும் குழந்தைக்குப் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் 10% வாங்குவார்கள். 2 வயதானால் தனி இருக்கை கட்டாயம். பல நிறுவனங்களில் அது 75% வரை வரும். ஆக 5,500-க்கும் 41,250-க்கும் உள்ள வித்தியாசம் 35,750 ரூபாய். ஆனால் வயதைப் பார்ப்பது பறக்கும் தேதியில். ஏப்ரல் 5-இல் திரும்பும்போது உங்கள் மகளுக்கு 2 வயது முடிந்திருக்கும். திரும்பும் வழிக்கு இருக்கை எடுத்தே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் இரு வழிக்குமே எடுக்கச் சொல்லும். மிச்சம் அதிகபட்சம் 18,000 ரூபாய்தான்.

அதற்காக வாங்கும் கடனைப் பாருங்கள். 3 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 14,400. இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் 45,700 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 2% என்றால் ஜிஎஸ்டியோடு 7,080. மொத்தம் ஏறத்தாழ 52,800. பதினெட்டாயிரத்தை மிச்சம் பிடிக்க ஐம்பத்திரண்டாயிரத்தைக் கொடுக்கிறீர்கள். போதாக்குறைக்கு அது சகுரா (செர்ரிப் பூ) சீசன். ஆண்டிலேயே அறை வாடகை உச்சத்தில் இருக்கும் நாட்கள்.

அதே 14,400-ஐ இந்த மாதம் முதல் 12 மாதம் ஆர்டியில் போடுங்கள். 6.5% வட்டியில் சுமார் 1.79 லட்சம் கிடைக்கும். கையிலுள்ள 2 லட்சத்தில் விமான டிக்கெட்டை மூன்று, நான்கு மாதம் முன்பே வாங்கிவிடலாம். புத்தாண்டு விடுமுறை முடிந்த பிறகான ஜனவரி, பிப்ரவரியில் கூட்டமும் வாடகையும் குறைவு. சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிருங்கள். குளிர் இருக்கும். ஆனால் கைக்குழந்தையைக் கூட்டத்தில் தூக்கிக்கொண்டு நிற்பதைவிட, ஸ்வெட்டர் போட்ட மூன்று வயதுக் குழந்தையைக் கைப்பிடித்து நடத்துவது எவ்வளவோ மேல்.

இனி 5 லட்சம் தேவையா என்று பார்ப்போம். 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

7 நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. இருவருக்கு ஒரு லட்சம் யென், அதாவது 60,000 ரூபாய். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுத்தால், டோக்கியோ-கியோட்டோ புல்லட் ரயில் ஒரு வழிக்கு ஆளுக்குச் சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஹிமேஜிக்கு வேக ரயிலில் 2,310, நாராவுக்கு 720. புல்லட் ரயில் ஒரு வழி, மற்ற இரண்டும் போக வர என்று இருவருக்கும் எல்லாம் சேர்த்து சுமார் 40,000 யென். பாஸில் பாதிகூட இல்லை. 6 வயதுக்குக் கீழான குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காதவரை ரயில் கட்டணம் கிடையாது. இந்தப் புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் சேர்ந்து 160 செ.மீ.க்கு மேலுள்ள பெட்டிக்கு அதற்கென உள்ள கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் இல்லை. பதிவில்லாமல் ஏற்றினால் 1,000 யென். குழந்தை தள்ளுவண்டிக்கு இந்த விதி கிடையாது.

பாஸ் வாங்கியவர்கள் காசு வீணாகக் கூடாதென்று தினமும் ஊர் ஊராக ஓடுவார்கள். மதியத் தூக்கம் கெட்ட குழந்தை மாலையில் அழும். அன்றைய டிக்கெட்டெல்லாம் வீண். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும்.

ஹிமேஜி கோட்டையில் ஊராரல்லாத பெரியவர்களுக்கு 2026 மார்ச் முதல் 2,500 யென். 18 வயதுக்குக் கீழ் இலவசம். உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுச் செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும், தள்ளுவண்டி உதவாது. குழந்தையை மார்போடு கட்டும் பை இல்லையென்றால் ஒரு டிக்கெட் மட்டும் எடுங்கள். கட்டண வாசலுக்கு வெளியே உள்ள பெரிய புல்வெளியிலிருந்தே கோட்டை முழுதாகத் தெரியும். மற்றவர் அங்கே குழந்தையை ஓடவிடலாம். ஒசாகா கோட்டை 1931-இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது, லிஃப்ட் உண்டு. கட்டணம் 1,200 யென். கியோட்டோவின் கியோமிசு, கின்காகு கோயில்கள் தலா 500. நாராவின் தோதாய்ஜி பெரிய புத்தர் 800. கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயில் இலவசம்தான், ஆனால் மேலே போகப் போகப் படிகள். அடிவாரத்துத் தோரண வாயில்களோடு திரும்பிவிடுங்கள்.

மொத்தமாகப் போட்டால்: விமானம் மூவருக்கும் 1,51,000. அறை இரவுக்கு 15,000 யென் வீதம் 9 இரவுக்கு 81,000 ரூபாய். உள்ளூர்ப் பேருந்தோடு ரயில் 33,000. நுழைவுக் கட்டணம் 7,000, சாப்பாடு 48,000, விசா, காப்பீடு 15,000. கைக்காவலாக 40,000. ஆகக்கூடி 3.75 லட்சம்; ஆர்டியும் கையிருப்பும் இதற்குப் போதும். கியோட்டோவில் தங்கும் வரி தனி: ஆளுக்கு இரவு வாடகை 6,000 முதல் 20,000 யென்னுக்குள் என்றால் 400 யென். இணையத்தில் காட்டும் வாடகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது.

சாதாரண கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5%, அதன்மேல் ஜிஎஸ்டி என்று 4%க்கு மேல் போகும். அந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை முன்பே வாங்குங்கள். கடையில் ரூபாயா யென்னா என்று கேட்டால் யென் என்றே சொல்லுங்கள். பல கோயில்களில் ரொக்கம்தான் வாங்குவார்கள். செவன்-இலெவன் கடை ஏடிஎம்களில் எடுக்கலாம்.

எஃப்டியைத் தொடாதீர்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த 3 லட்சம் ஆஸ்பத்திரிக்கான பணம். அதே காரணத்துக்காகப் பயணக் காப்பீட்டில் குழந்தையின் பெயரும் இருக்கிறதா என்று பாலிசி வந்த அன்றே சரிபாருங்கள்.