அட்வான்ஸ் கொடுத்த எஸ்யூவியின் கிலோமீட்டர் பொய் என்று தெரிந்தால் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று நாங்கள் ஆறு பேர். இருக்கிற சின்ன கார் போதவில்லை. பழைய கார் விற்கும் டீலரிடம் 2018 மாடல், ஏழு சீட் டீசல் எஸ்யூவி ஒன்றைப் பார்த்தோம். 'சிங்கிள் ஓனர், 68,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஆக்சிடென்ட் ஆகாத வண்டி' என்றார். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே 1,31,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்திருக்கிறது. வண்டி வேண்டாம் என்றேன். 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது, வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்று ரசீதிலேயே போட்டிருக்கிறது' என்கிறார் டீலர். பணம் கிடைக்குமா? இதற்கு நடுவில் என் கணவரின் நண்பர் தன் எஸ்யூவியைத் தருவதாகச் சொல்கிறார். அதன் மேல் இன்னும் லோன் இருக்கிறது. தெரிந்தவர்தானே என்று எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் ஒன்று செய்யுங்கள், அம்மா. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அது இருக்கிற போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மூல போன் கையில் இருப்பது நல்லது. டீலர் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் உங்கள் வழக்கு இதில் பாதி பலம்கூட இல்லாமல் போயிருக்கும்.

ரசீது வாசகத்துக்கு வருகிறேன். 'உள்ளது உள்ளபடி' என்பது தேய்ந்த டயர், கீறல், பழைய பேட்டரி போன்று பார்த்தால் தெரிகிற குறைகளுக்கு டீலரைக் காப்பாற்றலாம். பொய்யான விவரத்தைச் சொல்லி விற்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 15-ஆம் பிரிவு, விவரித்து விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. 68,000 என்று விவரித்த வண்டி 1,31,000-ஐத் தாண்டி ஓடியிருந்தால் அது நீங்கள் வாங்கச் சம்மதித்த வண்டியே அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படியும், மோசடியாலோ தவறான கூற்றாலோ பெற்ற சம்மதத்தை நீங்கள் ரத்து செய்யலாம். ரத்தானால் வாங்கிய அட்வான்ஸை அவர் திருப்பித் தந்தாக வேண்டும். வாங்குபவர் காரணமில்லாமல் பின்வாங்கினால்தான் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ளும் பேச்சே வரும். இங்கே முறித்தது நீங்கள் அல்ல.

டீலர் அடுத்து என்ன சொல்வார் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். 'மீட்டரை நாங்கள் தொடவில்லை, எங்களிடம் வந்தபோதே அப்படித்தான் இருந்தது' என்பார். அது உண்மையாக இருந்தால் மோசடி என்பது தவறான கூற்றாகச் சுருங்கும். அப்போது அதே 19-ஆம் பிரிவில் இருக்கும் விதிவிலக்கை அவர் பிடித்துக்கொள்ளலாம்: சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மையைத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. நீங்கள் விற்பனை முடிவதற்குள்ளாகவே விசாரித்து, தெரிந்த கையோடு மறுத்துவிட்டீர்கள். இது உங்களுக்குப் பெரிய பலம்.

அதனால்தான் சொல்கிறேன், 'விலையைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அவர் சமாதானம் பேசினால் அவசரப்பட்டு டெலிவரி எடுக்காதீர்கள். வண்டியை ஏற்றுக்கொண்ட பிறகு, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி பொதுவாக இழப்பீடு கேட்கலாமே தவிர வண்டியைத் திருப்பிவிடும் உரிமை போய்விடும். 'பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். என்ன சொல்லி விற்றார், உண்மை என்ன, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறீர்கள், 15 நாளில் பணம் வர வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். ஒப்புகை கிடைக்கிற தபாலில் அனுப்பி, அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விலையில் ஒரு பகுதி கொடுத்து, மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நுகர்வோர்தான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், டீலரின் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. சர்வீஸ் சென்டர் ஆவணத்தை உங்களிடம் எழுத்தில் தர மறுக்கலாம், ஏனென்றால் நீங்கள் உரிமையாளர் இல்லை. கவலை வேண்டாம், ஆணையமே அதை வரவழைக்க முடியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பாருங்கள். சில சமயம் அந்த ஒரு அழைப்பிலேயே பணம் வந்துவிடும்.

போலீஸ் புகார்? புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுதல் குற்றம்தான். ஆனால் மீட்டரைத் திருப்பியது யார், டீலருக்கு அது தெரியுமா என்பதை நிரூபித்தாக வேண்டும். 'இது சிவில் தகராறு' என்று அனுப்பிவிடவும் வாய்ப்பு அதிகம். உங்கள் தேவை பணம் திரும்ப வருவது. அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

நண்பரின் வண்டி விஷயத்தில் என் கருத்து சற்று வேறு. யார் ஓட்டினார், எங்கே சர்வீஸ் செய்தார் என்று தெரிந்த வண்டி, பாலிஷ் போட்டு நிற்கும் தெரியாத வண்டியைவிட நம்பகமானது. ஆனால் சட்டப் பாதுகாப்பு குறைவு. வியாபாரம் செய்யாத தனிநபர் தன் சொந்த வண்டியை விற்றால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது, சிவில் நீதிமன்றம்தான். பொருள் பயன்பாட்டுக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு விற்பவர் மேல் சுமத்தும் பொறுப்பும், அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான். ஆகவே, நண்பரானாலும் எழுதி வாங்குங்கள்: ஓடிய கிலோமீட்டர், விபத்து, ஏர்பேக் விரிந்ததா, வெள்ளத்தில் நின்றதா, எத்தனையாவது உரிமையாளர். கேட்கக் கூச்சமாக இருக்கும். பின்னால் மனக்கசப்பு வந்தால் இரண்டு குடும்பங்கள் பேசாமல் போகும், அதைவிட இந்தக் கூச்சம் சின்னது.

லோன் இருப்பதுதான் முக்கியமான சிக்கல். ஆர்.சி.யில் பைனான்ஸ் கொடுத்தவரின் பெயர் இருக்கும்வரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி அவர்களின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. பணத்தை நண்பரிடம் கொடுத்து 'நீங்களே கட்டி முடித்துவிடுங்கள்' என்று விடாதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம், அவருடைய வேறு கடன் நெருக்கடி உங்களுக்குத் தெரியாது. முன்கூட்டி முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதத்தை வங்கியிடம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேரடியாக லோன் கணக்கில் செலுத்துங்கள். மீதியை மட்டும் நண்பருக்குக் கொடுங்கள், அதிலும் ஒரு பகுதியை வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து லோனை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும். தேதி போடாத கையெழுத்துப் படிவங்களை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் நிறைய. விற்றவர் இடையில் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எந்த வண்டியானாலும் அதன் எண்ணை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், லோன், இன்சூரன்ஸ் விவரம் வரும். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். ஏழு சீட் எஸ்யூவிகளில் டி-போர்டாக (வாடகை வண்டியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவுக்கு) மாற்றியவை உண்டு. மாற்றுவது சட்டப்படி சரிதான், மறைப்பதுதான் தவறு. வேறு மாநிலப் பதிவு என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி. கட்டாயம் கேளுங்கள். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டதால், அங்கிருந்து மலிவாக வெளியே வரும் வண்டிகள் ஏராளம்.

பிள்ளைகளும் பெரியவர்களும் உட்காரப் போவதால் இன்னொன்று. ஓட்டுநர் பக்க ஏர்பேக் நம் நாட்டில் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். 2018 மாடலில், வாங்கும் வேரியன்ட்டில் ஏர்பேக் உண்டா என்று தனியாகப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம். மூன்றாவது வரிசை சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், சேறு படிந்திருந்தால் வெள்ள வண்டியாக இருக்கலாம்.

உங்கள் சின்ன காரை எக்ஸ்சேஞ்சில் ஏதாவது டீலரிடம் விட நினைத்தால், அவர் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேட்டு, படிவம் 29சி மூலம் ஒப்படையுங்கள். வண்டி கைமாறியும் பதிவில் பழைய பெயரே இருந்தால், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அந்தப் பெயருக்கு உரியவர் மேல்தான் என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு வண்டி கைமாறிய நாளிலிருந்து 14 நாள்தான் இருக்கிறது. மூன்றாம் நபருக்கான காப்பு தானாக உங்களுக்கு மாறும், உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பு மாறாது. நண்பரின் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருக்கு உரியது, வண்டியோடு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது அதற்கான கூடுதல் பிரீமியத்தைக் கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.